நரம்பு அறுபட்ட கை ஐந்து மாதமாக எரிகிறது: போகுமா, நிலைத்துவிடுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் கண்ணாடி அறுத்து உங்கள் தம்பிக்கு வலது மணிக்கட்டில் நரம்பு துண்டானது. அன்றே தைத்தார்கள், காயமும் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் உள்ளங்கையும் முதல் மூன்று விரல்களும் மிளகாய் அரைத்த கை போல எரிகின்றன. ஃபேன் காற்று பட்டாலே துடிக்கிறார், சில நேரம் ஷாக் அடித்தது போல வெட்டி இழுக்கிறது. எந்நேரமும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் சிலர் மிகைப்படுத்துகிறார் என்கிறார்கள். ஒரு மருத்துவர் "நரம்பு வளர்கிறது, தானாகப் போய்விடும்" என்றார், இன்னொருவர் "நரம்பு வலி அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள்" என்றார். யார் சொல்வது சரி, இது தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: புண் ஆறிய கை எதற்காக வலிக்க வேண்டும்? அது புரிந்தால்தான் உங்கள் கேள்விக்கு ஓரளவாவது பதில் சொல்ல முடியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான பயிற்சியில்தான் இருபத்திரண்டு ஆண்டுகள் போயிருக்கின்றன. மருந்து எழுதுவது என் வேலை அல்ல, உங்கள் தம்பியின் கையை நான் பார்க்கவும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது. நம் பேச்சில் 'நரம்பு' என்ற சொல் பல வேலை செய்கிறது. கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு, விரலை மடக்கும் தசைநாணும் நரம்பு, உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் நரம்புதான். மணிக்கட்டில் இவை எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடுகின்றன. "நரம்பைத் தைத்துவிட்டோம்" என்று சொல்லியனுப்பப்பட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் பார்த்தால் தசைநாண்கள் மட்டும் தைக்கப்பட்டிருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு எரியும் இடம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்பதால் அது மீடியன் நரம்பின் பகுதி. சம்மரியில் மீடியன் நெர்வ் தைக்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா, முழுதாக அறுந்ததா பாதியா என்று எடுத்துப் பாருங்கள். அது தெரியாமல் மேலே பேசுவதெல்லாம் ஊகம்.

சரி, அறுபட்ட நரம்புக்கு என்ன ஆகிறது? விரல் நுனியின் உணர்வைச் சுமக்கும் ஒவ்வொரு நரம்பு இழையும் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கும் ஒரு முடிச்சிலுள்ள செல்லிலிருந்து கிளம்பி விரல் வரை நீண்டு வருகிறது. செல்லின் உயிர் இருப்பது அங்கே, இழை மட்டும்தான் கையில். நடுவில் அறுத்தால் செல்லிலிருந்து பிரிந்த பகுதி செத்துவிடும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து இதை எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறோம். செத்த பகுதியை உடல் துப்புரவு செய்கிறது. அதைச் சுற்றியிருந்த உறைச் செல்கள் மட்டும் வரிசை கலையாமல் நின்று வழி காட்ட, மேலே உயிரோடிருக்கும் முனையிலிருந்து புதுத் துளிர்கள் அந்த வழியில் இறங்கி வருகின்றன. தையலைத் தாண்டவே சில வாரம் பிடிக்கும். அப்புறம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு ஓர் அங்குலம். மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் போல வரும். ஐந்து மாதத்தில் உங்கள் தம்பியின் நரம்புத் துளிர், எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், விரல்களின் அடிப்பகுதியை ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆக அவர் கையில் வேலை இன்னும் முடியவில்லை. 'காயம் ஆறிவிட்டது' என்று நாம் சொல்வது தோலைப் பார்த்துத்தான்.

வளரும் துளிர் சும்மா இருப்பதில்லை. எறும்பு ஊர்வது போல, ஊசி ஊசியாகக் குத்துவது போல, லேசாக மின்சாரம் பாய்வது போல அறிவித்துக்கொண்டே வரும். முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினல் 1915-ல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். நரம்பின் பாதையில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் விரல் நுனிவரை சுரீர் என்று ஓடும். அந்த இடம் வாரத்துக்கு வாரம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று பொருள். இந்தக் கூச்சமும், நரம்பு எரிச்சலுற்றதால் வரும் வலியும் வேறு வேறு என்று அவர் அப்போதே பிரித்துக் காட்டினார். நூறாண்டு தாண்டியும் எங்கள் மேசையில் முதல் சோதனை அதுதான். தட்டி, பேனாவால் தோலில் குறித்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து அளந்து, தேதியோடு எழுதி வைப்போம். அடுத்த மாதம் மறுபடியும் அளப்போம். உங்கள் தம்பிக்கு இதை யாராவது செய்தார்களா? முதல் மருத்துவர் சொன்ன "வளர்கிறது" என்பதற்கு இந்த அளவுதான் ஆதாரமாக இருக்க முடியும்.

இனி வலிக்கு வருகிறேன். துளிர்கள் வழி கண்டுபிடிக்காமல் போகலாம். தையல் இழுபட்டிருக்கலாம், நடுவில் தழும்பு முளைத்திருக்கலாம், பாதி இழைகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம். அப்படிச் சிக்கிய துளிர்கள் அங்கேயே சுருண்டு ஒரு முடிச்சாகும். நியூரோமா என்பார்கள். புற்று அல்ல, பயப்படத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒரு தொல்லை நடக்கிறது. நரம்பு மின்துடிப்பை உண்டாக்க உதவும் சோடியம் வாயில்கள் என்ற நுண்துளைகளைச் செல் எப்போதும் போலத் தயாரித்துக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய விரல் நுனி இல்லாததால் அவை அந்த முடிச்சிலேயே குவிகின்றன. மழைக்காலத்தில் ஈரம் இறங்கினால் வாசலில் யாரும் இல்லாமலே காலிங் பெல் அடிக்குமே, அதுபோல முடிச்சு தானாகத் துடிப்பை அனுப்பத் தொடங்குகிறது. லேசாக அழுத்தினாலும், கை குளிர்ந்தாலும், மணிக்கட்டை மடக்கினாலும் அடிக்கிறது. 1974-ல் பேட்ரிக் வாலும் மைக்கேல் குட்னிக்கும் எலிகளின் நரம்பு முடிச்சில் இந்தத் தானியங்கித் துடிப்பைப் பதிவு செய்தார்கள். மூளைக்கு அது மணிக்கட்டிலிருந்து வருவது தெரியாது. விரலுக்கான கம்பியில் சேதி வந்தால் விரல்தான் எரிகிறது என்று எடுத்துக்கொள்ளும். மரத்துப்போன விரலே எரிவதும் அதனால்தான். தொட்டால் தெரியாத இடத்தில் எப்படி வலி என்று வீட்டார் சந்தேகப்படுவது இயல்பு. ஆனால் மதமதப்பும் எரிச்சலும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது நரம்பு வலிக்கே உரிய அடையாளம்.

ஃபேன் காற்று வலிப்பதற்கு இன்னொரு படியையும் சொல்ல வேண்டும். கையிலிருந்து ஓயாமல் துடிப்பு வந்துகொண்டிருந்தால் தண்டுவடம் மாறிக்கொள்கிறது. வலியை மேலே கடத்தும் செல்கள் கூர்மையாகின்றன, அவற்றை அடக்கி வைக்கும் செல்கள் வலுவிழக்கின்றன. வெறும் தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகளின் சேதியும் வலிப் பாதையில் கலந்துவிடுகிறது. சட்டைக் கை உரசினாலே வலி என்பது இப்படித்தான் உண்டாகிறது. உடலில் அடிபட்டால் தண்டுவடத்தின் உணர்திறன் ஏறி நிற்கிறது என்பதை கிளிஃபர்ட் உல்ஃப் 1983-ல் விலங்குகளில் காட்டினார், அதிலிருந்துதான் இந்தத் துறையே திசை மாறியது. இந்த மாற்றம் பெரும்பாலும் திரும்பக்கூடியது. கீழிருந்து வரும் இரைச்சல் அடங்கினால் தண்டுவடமும் நாளடைவில் அடங்கும். அடங்காமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதையும் பிரித்துவிடுகிறேன். நரம்பு அறுபட்டால் கீழ்ப்பகுதி அழிந்து மறுபடி வளரும், சிக்கிய முனை தானாகத் துடிக்கும், தண்டுவடம் கூர்மையாகும், இம்மூன்றிலும் ஐயம் இல்லை. நாள்பட்ட வலியை ஓட்டுவது கையிலிருக்கும் காயமா, தண்டுவடமா என்பதில்தான் ஆட்கள் இரண்டாக நிற்கிறார்கள். காயப்பட்ட நரம்பை ஊசி போட்டு மரக்க வைத்தபோது, ஆண்டுக்கணக்கில் வலித்தவர்களிலும் பலருக்கு அந்த நேரத்துக்கு வலி அடங்கியிருக்கிறது. அதனால் வேர் கையில்தான் என்ற பக்கம் நான் சாய்கிறேன், ஆனால் எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். தண்டுவடத்தின் காவல் செல்களான மைக்ரோக்ளியாதான் குற்றவாளி என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். 2015-ல் வந்த ஆய்வில் ஆண் எலிகளில் அது பொருந்தியது, பெண் எலிகளில் வேறு வகைச் செல்கள் அதே வேலையைச் செய்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு மாட்டுவதில் நான் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு அடிபட்டதோ அவ்வளவு வலி என்ற கணக்கும் இங்கே செல்லாது. ஹெர்பர்ட் செடன் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். உறை மட்டும் நசுங்கி இழை பிழைத்த முதல் வகை சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் மீண்டுவிடும். கையைத் தலைக்கு வைத்து அயர்ந்து தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போவது இந்த வகை. இழை அறுந்து வெளிக்குழாய் தப்பிய இரண்டாவது வகை தானாகவே வளர்ந்து சேரும், மாதங்கள் ஆகும். முழுதும் துண்டான மூன்றாவது வகைக்குத் தையல் வேண்டும். உங்கள் தம்பியுடையது பெரும்பாலும் மூன்றாவது. இந்தப் பிரிப்பு கை எவ்வளவு மீளும் என்பதை ஓரளவு சொல்லும், எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லாது. நரம்பு முழுதாகத் துண்டாகியும் வலியே அறியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கீறலில் பாதி அறுந்து, இரண்டு வருடம் தூக்கமில்லாமல் தவித்த தையற்கார அம்மாவையும் பார்த்திருக்கிறேன். ஒரே காயத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் வலி நிற்கிறது என்பதற்கு மரபணு, வயது, சர்க்கரை நோய், தொடக்க வாரங்களில் வலி எவ்வளவு கடுமையாக இருந்தது, தூக்கம், பதற்றம் என்று பலவற்றை எடுத்துக்காட்டலாம். இவை எல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்குகள். ஒரு தனி ஆளை உட்காரவைத்து "உனக்கு நிற்கும், உனக்குப் போகும்" என்று சொல்ல இன்றுவரை எந்தப் பரிசோதனையும் இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் எடுத்துவிட வேண்டும். நரம்பின் வேகத்தை அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் தடித்த இழைகளைத்தான் பார்க்கிறது. எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. நரம்பு எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பதற்கு அந்த டெஸ்ட் நல்லது, வலி உண்மையா என்பதற்கு அது சாட்சி அல்ல. ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது, ஆகவே இவர் நடிக்கிறார் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

அந்த ஈரத்துணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். பிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் குண்டடி பட்டு நரம்பு சிதைந்த வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயம் ஆறிய பிறகும் அவர்களுக்குக் கை கால் தீயாய் எரிந்தது. தண்ணீர்ப் புட்டியும் பஞ்சும் கையோடு வைத்துக்கொண்டு நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருந்தார்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒருவர் நடந்து வரும் அதிர்வுகூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த எரிவலிக்கு அவர் காசால்ஜியா என்று பெயர் வைத்தார். உங்கள் தம்பி அந்த வீரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதே காயத்துக்கு அதே ஆறுதலைத் தானாகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். இதை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

அந்த எரிவலிக்கு இன்று சொல்லும் பெயர் காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம், இரண்டாம் வகை. கை வீங்குவது, நிறம் மாறுவது, மறு கையைவிடத் தொட்டால் சூடாகவோ குளிர்ந்தோ இருப்பது, அதிகம் வியர்ப்பது, நகமும் முடியும் மாறுவது, விரல்கள் விறைத்து மடங்க மறுப்பது ஆகியவை அதன் குறிகள். எரிச்சலோடு இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இதில் மாதங்களை இழந்தால் விறைப்பை மீட்பது மிகக் கடினம்.

அப்படியானால் போகுமா, நிற்குமா? மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட வலி என்று எழுதுவார்கள். அது வகைப்படுத்த வைத்த கோடு, அதைத் தாண்டியவர்களில் ஏராளமானோருக்கு வலி பிறகு குறைந்திருக்கிறது. நான் மாதக் கணக்கைவிட வலியின் போக்கைத்தான் பார்ப்பேன். டினல் புள்ளி கீழே நகர்கிறது, எரியும் எல்லை இடம் மாறுகிறது, போன மாதம் துணி பட்டால் துடித்தவர் இப்போது தாங்குகிறார் என்றால் முதல் மருத்துவர் சொன்னதற்கு வலு இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் எரிச்சல் வெறும் கூச்சமாகத் தணிவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குளிரில் கை வலிப்பது மட்டும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் மிச்சமிருக்கும். மாறாக, புள்ளி தையல் தழும்பிலேயே நிற்கிறது, அங்கே தொட்டால் உயிர் போகிறது, விரலில் புது உணர்வு எதுவும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் சும்மா காத்திருப்பது தவறு. தைத்த சர்ஜனிடமோ வேறொரு கை அறுவை நிபுணரிடமோ போய் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தழும்பை விடுவிப்பது, முடிச்சை வெட்டி வேறு நரம்புத் துண்டை வைத்து இணைப்பது என்று வழிகள் உண்டு. நரம்பு போய்ச் சேராத தசை ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாதபடி சுருங்கத் தொடங்கும் என்பதால் அதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஐந்தாம் மாதம் என்பது இந்தக் கேள்வியைக் கேட்க மிகச் சரியான நேரம். "பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல இது நேரமே இல்லை.

மாத்திரைகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம்தான் பேச வேண்டும், ஆனால் பேசும்போது தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சாதாரண வலி மாத்திரைகள், அதாவது பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்றவை, இந்த வலிக்குப் பெரும்பாலும் எடுபடாது. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவைதான் முதல் வரிசை. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகள் என்று மருந்துக் கடையில் சொன்னால் பதற வேண்டாம், நரம்பு வலிக்கும் அவற்றைத் தருவார்கள். எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வையுங்கள். 2015-ல் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட, பிரிகாபலின் எடுத்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் கூடுதலாக வலி பாதியாகக் குறைந்தது. அமிட்ரிப்டிலின் வகையில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு. ஒன்று பலிக்கவில்லை என்றால் இன்னொன்று பலிக்கலாம். பிரிகாபலினையும் காபாபென்டினையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. இங்கே எல்லாச் சீட்டிலும் இருக்கும் மெத்தில்கோபாலமின், உடலில் பி12 குறைவாக இருந்தால் மிகவும் அவசியம், குறையில்லாதவருக்கு அது இந்த வலியைப் போக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. சோடியம் வாயில் ஒன்றை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற புது மருந்தை 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அந்த அனுமதி திடீரென வரும் கடும் வலிக்கு மட்டும், உங்கள் தம்பியுடையது போன்ற வலிக்கு அல்ல.

என் வேலைப் பகுதியில் சொல்ல வேண்டியது இது. வலிக்கிற கையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வது இயல்பு, ஆனால் அது வலியை வளர்க்கும். நாளுக்கு நாலைந்து தடவை, ஐந்து நிமிடம், பொறுக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கிக் கையைத் தொடுதலுக்குப் பழக்க வேண்டும். பஞ்சு, பிறகு பட்டுத்துணி, பருத்தித்துணி, பிறகு துவாலை. அப்புறம் ஒரு பாத்திரத்தில் கேழ்வரகை நிரப்பி அதில் கையை அளையலாம், பொறுத்தால் அரிசிக்குப் போகலாம். மிகவும் எரியும் இடத்தில் தொடங்காமல், வலி இல்லாத ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். இதற்குப் பெரிய ஆய்வுச் சான்று இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அனுபவத்தில் பலன் தெரிகிறது, கெடுதல் இல்லை, அதனால் செய்யச் சொல்கிறேன். தொடவே விடாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. நல்ல கையைக் கண்ணாடியில் காட்டி, அடிபட்ட கை வலியில்லாமல் அசைவதாக மூளைக்குத் தோன்றச் செய்வது. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் மாய வலிக்காக முயன்று பார்த்த முறை அது. வீட்டில் தனியாகத் தொடங்காமல் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக, எரிச்சலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மறந்துவிடக் கூடாத ஒன்று. அந்த விரல்களுக்குச் சூடு தெரியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளோடு வேலை செய்தபோது கண்டது, விரல்கள் குறைந்துபோவது பெரும்பாலும் உணர்வில்லாமல் பட்ட சின்னச் சின்னக் காயங்களால்தான் என்பது. உங்கள் தம்பி சூடான டம்ளரை அந்தக் கையால் எடுக்க வேண்டாம், எது சூடு என்று இடது கையால் முதலில் பார்க்கட்டும். ஈரத்துணி கட்டிக்கொள்ளட்டும், ஆனால் ஐஸ் வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்து, உலரத் துடைத்து, விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் பாருங்கள். நாள் முழுக்க ஊறிய தோல் வெடித்தால் அவருக்கு அது தெரியாது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.